சங்கிலிய அடகு வெச்சு நாய்க்கு வைத்தியம் பாக்கலாமா?

வீட்டுப் பிராணிகள் பத்தி வாசகர்கள் கேக்கிற கேள்விகளுக்கு மிருக வைத்தியர் ஒருவர் பதில் சொல்ற பக்கம் இது. இந்த முறை வந்த கடிதங்கள்ல கனக்க, வருத்தத்த விட காசப் பத்தித்தான் பேசுது. அதில மூண்ட எடுத்திருக்கம்.

கேள்வி: டொக்டர், எங்கட வீட்டில சீசர் எண்டு ஒரு நாய் இருக்கு, வயசு பதினொண்டு, மூத்த மகன் நேர்சரி போற காலத்தில வந்த குட்டி, இப்ப அவன் ஓ/எல் எடுக்கப் போறான். கொஞ்ச மாசமா மெலிஞ்சுகொண்டே வந்திச்சு, தண்ணிய மட்டும் சட்டி சட்டியாக் குடிக்கும். போன கிழமையில இருந்து சாப்பாடே இல்ல, சத்தி எடுக்குது, வாய் நாறுது. பிறைவேட் கிளினிக் ஒண்டுக்குக் கொண்டுபோய் ரத்தம் சோதிச்சம், கிட்னி பெயிலாம், ரத்தத்தில கிரியேட்டினின் எண்ட கழிவு 9க்கு மேல. ஒவ்வொரு நாளும் சேலைன் ஏத்தவேணும், எத்தின நாளைக்கு எண்டு சொல்ல ஏலாது எண்டாங்க. இவ்வளவுக்கும் ஊசி, மருந்து, ஆட்டோக் கூலி எல்லாம் சேத்து அம்பதாயிரத்துக்குக் கிட்டப் போயிட்டுது. இவர் கட்டார்ல, இப்ப அங்க ஓவர்டைமும் இல்ல. பேராதனைக் கம்பஸ் மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா பாக்கலாம் எண்டு சிலர் சொல்றாங்க. என்ட சங்கிலிய பேங்கில வைப்பம் எண்டு யோசிக்கிறன். மாமி ஏசுறா, "புள்ளைட கிளாஸ் காசு கட்ட இல்ல, நாய்க்குச் சங்கிலியா" எண்டு. ஊசி போட்டு முடிச்சு விடுங்க எண்டு ஒரு ஆள் சொன்னார், அதக் கேட்டதில இருந்து எனக்கு நித்திரை இல்ல. தண்ணி கூடக் குடிக்கக்குள்ளயே கவனிச்சிருந்தா காப்பாத்தி இருக்கலாமோ எண்டும் மனசு அடிக்குது. நான் என்ன செய்ய?
- வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: தங்கச்சி, சங்கிலி இப்போதைக்குக் கழுத்திலயே கிடக்கட்டும். வைக்கவே கூடாது எண்டு சொல்லல்ல, ஒரு விஷயம் தெரியாம வைக்க வேணாம் எண்டு சொல்றன்.

அது என்னெண்டா சீசரிட கிட்னி திடீரெண்டு பழுதாப் போனதா, இல்லாட்டி கன மாசமா மெல்ல மெல்லக் கெட்டுக்கொண்டு வந்ததா எண்டுறது. ரெண்டுக்கும் பேர் கிட்னி பெயிலியர்தான், ஆனா ரெண்டும் வேற வேற வருத்தம். நம்மட பக்கம் வயலும் வாய்க்காலும் எலியும் நிறைஞ்ச இடம், மாரி மழைக்கு மனிசருக்கே எலிக்காய்ச்சல் வாறது உங்களுக்குத் தெரியும், அதே எலிக்காய்ச்சல் நாய்க்கும் வந்து ஒரு கிழமைக்குள்ள கிட்னியப் போட்டு அடிக்கும். அப்பிடி வந்ததெண்டா சேலைனும் அன்டிபயோட்டிக்கும் நேரத்துக்குக் குடுத்தா எழும்பி ஓடின நாய்கள் கனக்க இருக்கு, அதுக்குச் செலவழிக்கிற காசு வீண் போறது குறைவு. மற்றது பழைய வருத்தம். அதில கிட்னி சுருங்கிப் போயிரும், போனது திரும்பி வராது, சேலைன் ஏத்தினா ரத்தத்தில சேந்த நஞ்சு கொஞ்சம் குறையும், நாய்க்குக் கொஞ்சம் சுகம் தெரியும், நிப்பாட்டினா மறுகா ஏறும். மனிசருக்குச் செய்யிற டயலிசிஸ், கிட்னி மாத்திறது எல்லாம் இஞ்ச நாய்க்குச் சாதாரணமாக் கிடைக்காது.

நீங்க எழுதினத வெச்சுப் பாத்தா, கொஞ்ச மாசமா மெலிஞ்சது, தண்ணி கூடக் குடிச்சது, வயசு பதினொண்டு, எல்லாம் பழைய வருத்தத்தத்தான் காட்டுது. ஆனா கடிதத்தப் பாத்து நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஒரு ஸ்கேன் எடுத்தா கிட்னி சுருங்கி இருக்கா எண்டு தெரியும், ரத்தத்தில சிவப்பணு குறைஞ்சிருக்கா எண்டும் கேளுங்க, குறைஞ்சிருந்தா அதுவும் பழசு எண்டுறதுக்கு ஒரு அடையாளம். நாய்க்குக் கிரியேட்டினின் சாதாரணமா 1.4க்குள்ள இருக்கும். இந்த வருத்தத்த நாங்க நாலு படியாப் பிரிக்கிறது, 5ஐத் தாண்டினா கடைசிப் படி. உங்கட சீசர் 9க்கு மேல நிக்குது. (கண் மஞ்சளா இருந்தா, காய்ச்சல் இருந்தா உடனே டொக்டருக்குச் சொல்லுங்க, அது எலிக்காய்ச்சலா இருக்கலாம், அப்பிடியெண்டா அதுட மூத்திரத்தில இருந்து உங்களுக்கும் தொத்தும், கையுறை போடாம கழுவ வேணாம், பிள்ளைகளக் கிட்ட விட வேணாம்.)

அடுத்தது, "எத்தின நாளைக்கு எண்டு சொல்ல ஏலாது" எண்ட பேச்சுக்கு நீங்க ஒரு எல்லை போடவேணும். டொக்டரிட்ட போய் நேராக் கேளுங்க, "மூண்டு நாள் சேலைன் ஏத்துவம், நாலாம் நாள் மறுகா ரத்தம் சோதிப்பம், கிரியேட்டினின் நல்லா இறங்கி இருந்தா தொடருவம், இறங்காட்டி நிப்பாட்டுவம், சரியா?" எண்டு. இது நானாக் கண்டுபிடிச்ச கணக்கில்ல, கிட்னி வருத்தத்துக்குச் சேலைன் வேலை செய்யுதா இல்லையா எண்டு ரெண்டு மூண்டு நாளைக்குள்ள தெரிஞ்சிரும். மூண்டு நாளைக்கு எவ்வளவு முடியும் எண்டு முதலே எழுதித் தரச் சொல்லுங்க. அதோட, உங்கட கையில எவ்வளவு இருக்கு எண்டதையும் வெக்கப்படாமச் சொல்லிருங்க. கன பேர் இதச் சொல்லமாட்டாங்க, சொன்னா டொக்டர் குறைவா நினைப்பார் எண்டு பயம். நான் இந்தத் தொழில்ல இருக்கிற ஆள், சொல்றன் கேளுங்க, இருபதாயிரம்தான் இருக்கு எண்டு தெரிஞ்சா எந்த டெஸ்ட் கட்டாயம், எத விடலாம், எந்த மருந்துக்குப் பதிலா விலை குறைஞ்சது குடுக்கலாம் எண்டு நாங்க யோசிச்சுச் செய்வம். சொல்லாட்டி எல்லாத்தையும் செய்வம், பில்லும் அப்பிடித்தான் வரும். 2022ல டொலர் இருநூறில இருந்து முன்னூத்தி அறுபதுக்குப் போன நேரம் ஏறின இறக்குமதி மருந்து விலை பழைய இடத்துக்குத் திரும்பி வரவே இல்ல, இது டொக்டர்மாருக்கும் தெரிஞ்ச கஷ்டம்தான். உங்கட பிரதேசத்து அரசாங்க கால்நடை வைத்தியர் அலுவலகத்திலயும் ஒருக்காக் காட்டுங்க. அவங்க கூடுதலா மாடு ஆடு கோழி பாக்கிற ஆக்கள் எண்டாலும் நாயையும் பாப்பாங்க, வேறொரு டொக்டரிட வாயால இன்னொருக்கா கேட்டா உங்களுக்கும் மனசு தெளியும்.

பேராதனைக் கம்பஸ் மிருக வைத்தியசாலை நல்ல இடம், அதில ஒரு சந்தேகமும் இல்ல. வருத்தம் என்னெண்டே பிடிபடாத நாயெண்டா, பெரிய ஓப்பரேசன் செய்தா சுகம் வாற நாயெண்டா, நானே போங்க எண்டு சொல்லி அனுப்பியிருப்பன். ஆனா சீசருக்கு வருத்தம் என்னெண்டு தெரிஞ்சு போச்சு. செங்கலடி, மகாஓயா, பதியத்தலாவை, மகியங்கனை எண்டு போய் பதினெட்டு வளைவும் ஏறி, சத்தி எடுக்கிற கிழட்டு நாய வேன்ல வெச்சு அரைநாளுக்கு மேல உலுக்கிக்கொண்டு போறது அதுக்குப் பெரிய ஆக்கினை. வேன் ஹயரும் உங்கட சங்கிலியில பாதியத் தின்னும். அங்க போனாலும் பழைய கிட்னி வருத்தத்துக்கு இதே சேலைன்தான் ஏத்துவாங்க.

நாலாம் நாள் கிரியேட்டினின் கொஞ்சமாவது இறங்கி, நாய் எழும்பி ரெண்டு வாய் சாப்பிட்டுதெண்டா, வீட்டில வெச்சுப் பாக்க ஒரு வழி இருக்கு, கிளினிக்குக்கு ஒவ்வொரு நாளும் ஆட்டோவில தூக்கிக்கொண்டு போகத் தேவையில்ல. தோலுக்குக் கீழ சேலைன் குடுக்கிறது. ரெண்டு தோளுக்கும் நடுவில தோல ரெண்டு விரலால மேல தூக்கினா கூடாரம் மாதிரி நிக்கும், அதுக்குள்ள ஊசிய விட்டு சேலைன் போத்தல ஜன்னல் கம்பியில மாட்டி விட்டா மெல்ல மெல்ல இறங்கும். தோலுக்குக் கீழ ஒரு பெரிய வீக்கம் வரும், கொஞ்ச நேரத்தில அது முன்னங்கால் பக்கமாச் சரிஞ்சு தொங்கும், பாக்கப் பயமா இருக்கும், ஆனா பயப்பட ஒண்டுமில்ல, அடுத்த நாளைக்குள்ள உடம்பு உறிஞ்சிரும். எவ்வளவு குடுக்கிறது, எந்தச் சேலைன், ஊசி எப்பிடிப் பிடிக்கிறது எல்லாத்தையும் டொக்டர் முன்னால நிண்டு ஒருக்காச் செய்து பழகாம வீட்டில தொடாதீங்க. சத்திக்கு மருந்து கேட்டு வாங்குங்க, குமட்டல் நிண்டாத்தான் சாப்பாடு இறங்கும். கருவாடு, உப்புப் போட்ட கறி வேணாம், சோத்தோட கொஞ்சம் கோழி அவிச்சுக் குடுங்க. கடைசிக் கட்டம் எண்டு டொக்டர் சொல்லிட்டா பத்தியம் பாக்காம அது விரும்பினத, உப்பில்லாம, குடுங்க.

இறங்காட்டி? நீங்க நித்திரை இல்லாம யோசிக்கிற விஷயம் அங்கதான் வருது. நான் ஒளிக்காமச் சொல்றன், கிட்னி முழுசாப் போன நாய் தானாச் சாகிறது சுகமான சாவில்ல. வாய்க்குள்ள புண் வரும், ஓயாம குமட்டும், சில நேரம் வலிப்பும் வரும், இது நாள்கணக்கில இழுக்கும். அத வீட்டில வெச்சுப் பாத்துக்கொண்டிருந்த குடும்பங்கள் மறுகா என்னட்டச் சொன்னது, "முந்தியே ஊசி போட்டிருக்கலாம் டொக்டர்" எண்டுதான்.

எப்ப எண்டு முடிவெடுக்கிறது சரியான கஷ்டம். அமெரிக்காவில ஆலிஸ் வில்லாலோபோஸ் எண்டு ஒரு மிருக வைத்தியர் 2004ல இதுக்கு ஒரு கணக்கு எழுதினா, வீட்டாக்களுக்கு உதவியா இருக்கும். ஏழு விஷயத்துக்கு பத்துப் பத்துப் புள்ளி: நோவு எவ்வளவு அடங்கியிருக்கு, சாப்பிடுதா, உடம்பில தண்ணி போதுமான அளவு இருக்கா, துப்புரவா இருக்கா (தன்ட மூத்திரத்திலயே கிடக்கா), சந்தோசம் இருக்கா, எழும்பி நடக்குதா, நல்ல நாள் கூடவா கெட்ட நாள் கூடவா. கூட்டிப் பாத்து 35க்கு மேல வந்தா தொடந்து பாக்கலாம், கீழ போனா யோசிக்க வேணும் எண்டு அவ சொல்றா. இத நீங்க ஒரு ஆளாப் போடாதீங்க, உங்கட மாமியும் போடட்டும், மகனும் போடட்டும், கட்டார்ல இருக்கிற உங்கட அவருக்கு வட்சப் வீடியோவில சீசரக் காட்டிப் போட்டு அவரும் போடட்டும். மூண்டு நாலு நாளைக்குப் புள்ளிய கலண்டர்ல எழுதுங்க. ஏசுற மாமிட புள்ளியும் உங்கட புள்ளியும் கிட்டத்தட்ட ஒண்டா வாறத நான் கன வீட்டில கண்டிருக்கன். அப்ப அந்த முடிவு ஒருத்தர்ட தலையில விழாது.

ஊசி போடுறது எப்பிடி எண்டு தெரியாததாலதான் கன பேருக்குப் பயம் கூட. முதல்ல மயக்க ஊசி, சில நிமிசத்தில நல்ல நித்திரைக்குப் போயிரும். அதுக்குப் பிறகுதான் நரம்பில மற்ற மருந்து, அதுவும் மயக்க மருந்துதான், அளவு கூட. ஒண்டு ரெண்டு நிமிசத்தில இதயம் நிண்டிரும், அதுக்கு ஒண்டும் தெரியாது. கண் மூடாது, திறந்தபடிதான் இருக்கும். சில நேரம் இதயம் நிண்ட பிறகும் ஒண்டு ரெண்டு தரம் மூச்சு இழுக்கிற மாதிரி வரும், மூத்திரம் போகும், அது உயிர் இருக்கிறதால இல்ல, தசை தளர்றதாலயும் உடம்பு தானா அசையிறதாலயும். முதலே தெரிஞ்சிருந்தா பதறமாட்டீங்க. வீட்டுக்கு வந்து போடுவீங்களா எண்டு டொக்டர்ட கேளுங்க, ஏலும் எண்டா சீசர் படுக்கிற இடத்திலயே, நீங்க தலையத் தடவிக்கொண்டிருக்கக்குள்ள நடக்கட்டும். மகனுக்கு மறைக்க வேணாம். பள்ளிக்கூடம் விட்டு வரக்குள்ள "சீசர் எங்கயோ போயிட்டுது" எண்டு சொன்னா, மறுகா உண்மை தெரியிற நாளில அவன் உங்களத்தான் கோவிப்பான். பக்கத்தில நிக்க விரும்புறானா எண்டு அவனையே கேளுங்க.

சீசர வளவிலதான் புதைக்கிறதெண்டா ஆழமாக் கிடங்கு வெட்டுங்க, நெஞ்சளவு. நம்மட மணல் தரையில ஆழமில்லாமத் தாட்டா ரெண்டாம் நாளே நாய் நரி கிண்டி எடுத்திரும். ஊசி மருந்து உடம்பில தங்கும், அந்த இறைச்சியத் தின்னுற நாயும் காகமும் செத்துப் போகலாம். கிணத்துக்குக் கிட்டயும் வேணாம்.

நீங்க கவனிக்காம விட்டீங்க எண்டு மனச அடிக்காதீங்க. கிட்னியில மூண்டில ரெண்டு பங்கு போன பிறகுதான் தண்ணி கூடக் குடிக்கிறதே தொடங்கும். அதுக்கு முதல் வெளியில ஒண்டும் தெரியாது, எனக்கும் கையால தடவிப் பாத்துக் கண்டுபிடிக்க ஏலாது. நீங்க கண்ட நேரம் பாதிக்கு மேல போயிருந்தது.

மாமியக் கோவிக்காதீங்க, கிளாஸ் காசும் உண்மைதானே. ஆனா "நாய்க்குப் போய் இவ்வளவா" எண்டு சிரிக்கிற ஆக்களுக்கு ஒண்டு சொல்லலாம். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில்ல பாரதக் கதை படிச்சுத் தீமிதிக்கிற ஊரில இருக்கிறம், அந்தக் கதையில தருமர் கடைசியா வானுலகத்து வாசல்ல நிண்டு இந்த நாய விட்டுட்டு உள்ள வரமாட்டன் எண்டு நிண்டவர். அவர் நாய்க்கு ஒண்டும் வாங்கிக் குடுக்கல்ல, கூட நிண்டார். நீங்களும் சங்கிலிய வெச்சாலும் வைக்காட்டியும் சீசரோட கூடத்தான் நிக்கிறீங்க.

கேள்வி: எங்கட கடுவன் பூனைக்கு மூத்திரம் அடைச்சு ரெண்டு தரம் டியூப் போட்டு எடுத்தம். இப்ப மறுகா மண்ணுக்குள்ள போய் முக்கிக்கொண்டு கத்துது. ஒவ்வொரு முறையும் பெரிய சல்லி முடியுது. வாப்பா, "கொஞ்சம் பொறுத்துப் பாப்பம், தானாப் போகும்" எண்டுறார். நான் ஏ/எல் படிக்கிற பிள்ளை, என்ட கையில ஒண்டுமில்ல. ஊசி போட்டுக் கொல்றது பாவமா டொக்டர்?
- மாணவி, சம்மாந்துறை

பதில்: மகள், இந்தப் பக்கம் அச்சாகி வர முதலே உங்களுக்கு ஃபோன்ல பதில் சொல்லியாச்சு, மற்ற வாசகர்களுக்காக எழுதுறன். கடுவன் பூனைக்கு மூத்திரம் அடைச்சா பொறுத்துப் பாக்கிற வருத்தமே இல்ல. மூத்திரம் வெளிய போகாட்டி ரத்தத்தில பொட்டாசியம் ஏறும், ஏறினா இதயம் நிண்டு போகும், ரெண்டு மூண்டு நாளைக்குள்ள உயிர் போயிரும். கனபேர் மலச்சிக்கல் எண்டு நினைச்சு எண்ணெய் பருக்கிக்கொண்டிருப்பாங்க. முக்குது, கத்துது, ஒரு சொட்டும் வரல்ல எண்டா அண்டைக்கே டொக்டர்ட கொண்டு போகவேணும், ராவெண்டாலும். நோவுக்கு எண்டு பனடோல் குடுக்கவே வேணாம், ஒரு குளிசை போதும் பூனை சாகிறதுக்கு.

மூண்டாந்தரம் அடைச்சதெண்டா டியூப் மட்டும் போட்டுக்கொண்டே இருக்கிறது காசுக்கும் பூனைக்கும் நட்டம். மூத்திர வழிய அகலமாக்கிற ஒரு ஓப்பரேசன் இருக்கு, ஒருக்காச் செய்தா மறுகா அடைக்கிறது நல்லாக் குறையும், மூண்டு நாலு தரம் டியூப் போடுற காசோட அதிட விலைய ஒப்பிட்டுப் பாக்கச் சொல்லி வாப்பாட்டக் காட்டுங்க. அதுவும் ஏலாதெண்டா, டியூப் எடுத்த பிறகு உலர்ந்த சாப்பாட்ட விட்டுட்டு ஈரமான சாப்பாடு, மீன் அவிச்ச தண்ணியோட குடுங்க, குடிக்கிற தண்ணி ரெண்டு மூண்டு இடத்தில வையுங்க.

பாவமா எண்டுறத ஒரு மௌலவிட்டத்தான் கேக்க வேணும், அது என்ட துறையில்ல. பூனையக் கட்டி வெச்சுப் பட்டினி போட்ட பெண்ணிட ஹதீஸ் உங்களுக்கு என்ன விடத் தெரியும், மிருகத்த ஆக்கினைப்படுத்தக் கூடாது எண்டுறதில உங்கட மார்க்கம் தெளிவா இருக்கு. வைத்தியத்தால சுகம் வராத நோவில கிடக்கிற உயிர என்ன செய்யிறது எண்டு கேக்கக்குள்ள, டொக்டர் சொன்னதையும் அவரிட்டச் சொல்லிக் கேளுங்க. உங்கட பூனைக்கு அந்த நிலைமை இன்னும் வரல்ல.

கேள்வி: குட்டி ஒண்டு காசு குடுத்து வாங்கினன், ஒரு மாசத்தில ரத்தமா வயித்தால போய் செத்திட்டு, பார்வோ எண்டாங்க. இப்ப வேற குட்டி தாறன் எண்டு கூட்டாளி ஒருத்தன் சொல்றான். எடுக்கலாமா?
- வாசகர், திருக்கோவில்

பதில்: இப்ப எடுக்காதீங்க தம்பி. பார்வோ வைரஸ் மண்ணில மாசக்கணக்கில உயிரோட கிடக்கும், நிழல் விழுற ஈரமான மூலையில இன்னும் கூட. சீமெந்துத் தரைய முதல்ல சவுக்காரம் போட்டுக் கழுவி, மறுகா ப்ளீச் ஒரு பங்குக்குத் தண்ணி முப்பது பங்கு கலந்து ஊத்தி பத்து நிமிசம் காயாம விடுங்க. டெட்டோல், பினாயில் இந்த வைரஸுக்கு வேலை செய்யாது. முத்தத்து மண்ண ப்ளீச்சால சுத்தமாக்க ஏலாது, வெயில் படவிட்டு ஒரு வருசம் பொறுங்க. அவ்வளவு பொறுக்க ஏலாட்டி ஊசி எல்லாம் போட்டு முடிஞ்ச பெரிய நாயா எடுங்க. குட்டிதான் வேணுமெண்டா அந்த ஒரு வருசம் முடிஞ்ச பிறகு எடுத்து, ஆறு தொடக்கம் எட்டுக் கிழமையில முதல் ஊசி, அதில இருந்து மூண்டு நாலு கிழமைக்கு ஒருக்கா, 16 கிழமை வயசு வரைக்கும் போடவேணும். ஒரு ஊசியோட நிப்பாட்டின குட்டிகள்தான் கூடுதலா என்னட்ட வாறது. விசர்நாய் ஊசி அரசாங்கம் இலவசமாப் போடுற நேரம் பக்கத்து வீட்டு நாயையும் கூட்டிக்கொண்டு போங்க. பழைய குட்டிட கயிறு, சாப்பாட்டுச் சட்டி, படுத்த சாக்கு எல்லாத்தையும் எரிச்சிருங்க, கூட்டாளிட குட்டி வந்தாலும் அதுகளக் குடுக்க வேணாம்.